கடை நெட்வொர்க்கின் விதிகள் யாரிடம் இருக்கின்றன?

'இன்று ரொக்கம், நாளை கடன்' என்ற பலகை தொங்காத மளிகைக் கடை நம் பகுதியில் அபூர்வம். அந்தப் பலகை ஒரு விதி. ஆனால் கடையின் விதி அதோடு முடிந்துவிடவில்லை என்பது நம் எல்லோருக்கும் தெரியும். பள்ளி ஆசிரியருக்கு மாதச் சம்பளம் வரும்வரை கணக்கு உண்டு. கல்யாண சமையல்காரருக்கு முன்பணம் வாங்காமல் சரக்குக் கொடுப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் ஒரு மூட்டை கேட்டால் மறுப்பதில்லை. இவை எதுவும் பலகையில் இல்லை. முதலாளியின் மனத்தில் இருக்கின்றன. முதலாளி இரண்டு நாள் ஊருக்குப் போனால், கல்லாவில் உட்காரும் மகன் திணறுவதற்கு அதுதான் காரணம்.

கடனுக்கு மட்டுமா இந்த நிலை? இன்று சிறிய மளிகைக் கடையில்கூட இரண்டு பில் போடும் கம்ப்யூட்டர், குடோனில் ஒன்று, நான்கைந்து கண்காணிப்புக் கேமரா, பணம் வந்ததைச் சொல்லும் ஒலிபெருக்கிப் பெட்டி, வீட்டாரின் கைப்பேசிகள் என்று எல்லாம் ஒரே இணைய இணைப்பில் தொங்குகின்றன. இவற்றில் எதற்கு முதலிடம், எது எதனோடு பேசலாம், எந்த நேரத்தில் என்பதற்கெல்லாம் விதிகள் உண்டு. அந்த விதிகள் எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கின்றன என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. 'மாட்டிக் கொடுத்த தம்பிக்குத் தெரியும்' என்போம். இக்கட்டுரை அந்தப் பதிலின் ஆபத்தைப் பற்றியது.

ஒரு தீபாவளி அனுபவம்

2024ஆம் ஆண்டு தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் இடி மின்னலில் எங்கள் கடையின் ரவுட்டர் கருகிவிட்டது. மறுநாளே புதியது வாங்கி மாட்டிவிட்டோம். இணையம் வந்தது, பில் போயிற்று. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

தீபாவளிக்கு முந்தைய மாலை கடை நிறையக் கூட்டம். "அண்ணாச்சி, பணம் அனுப்பிட்டேன், சுத்திக்கிட்டே இருக்கு" என்று ஒருவர் பின் ஒருவராகக் கைப்பேசியை நீட்டினார்கள். சிலருக்குப் பணம் போய்விட்டது, எங்களுக்குத் தகவல் வரவில்லை. சிலருக்குப் போகவே இல்லை. வரிசை தெருவுக்கு வந்தது. பொறுத்துப் பார்த்தவர்கள் எடுத்த சரக்கை மேசையிலேயே வைத்துவிட்டு நடந்தார்கள்.

காரணம் இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது. கேமராப் பதிவுப் பெட்டி, அன்றன்றைய படங்களை வெளியே உள்ள சேமிப்பு இடத்துக்கு இணையம் வழியாக அனுப்பும். பழைய ரவுட்டரில் 'இரவு 11 மணி முதல் காலை 6 மணி வரை மட்டும் அனுப்பலாம்' என்று ஒரு விதி போட்டிருந்தது. அதைப் போட்ட தம்பி வேலையை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது. விதி அந்தப் பெட்டிக்குள் மட்டுமே இருந்தது. பெட்டி எரிந்தபோது விதியும் எரிந்தது. புதிய பெட்டிக்கு அப்படி ஒரு விதி இருந்தது தெரியாது, எனக்கும் தெரியாது. கூட்டம் நிறைந்த நேரத்தில் கேமரா இணைப்பை அடைத்துக்கொண்டது.

அன்று நான் இழந்தது ஒரு மாலை வியாபாரம். சாதனம் போனதால் அல்ல, விதியை எழுதி வைக்காததால் இழந்தேன். பெட்டியை ஒரு மணி நேரத்தில் வாங்கலாம். அதற்குள் இருந்த விதியை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

விதிக்கு வடிவம் உண்டு

பெரிய நெட்வொர்க் நடத்துபவர்களும் இதே சிக்கலில் மாட்டியவர்கள்தான். ஆயிரக்கணக்கான சாதனங்களில் ஒவ்வொன்றாக உட்கார்ந்து விதியைத் தட்டச்சு செய்ய முடியாது. ஒவ்வொரு கம்பெனியின் சாதனமும் வேறு மொழி பேசும். எனவே இணையத்தின் பொது முறைகளை வகுக்கும் ஐ.இ.டி.எஃப். என்ற அமைப்பு, டி.எம்.டி.எஃப். என்ற அமைப்புடன் சேர்ந்து, விதியை எப்படி எழுதிச் சேமிப்பது என்பதற்கு ஒரு பொது மாதிரியை 2001 பிப்ரவரியில் வெளியிட்டது. ஆர்.எஃப்.சி. 3060 என்பது அதன் எண். சாராம்சம் நமக்குப் புதியதல்ல.

ஒரு விதிக்கு இரண்டு பகுதிகள்: நிபந்தனை, செயல். 'இன்னது நேர்ந்தால், இன்னது செய்.' 'பாக்கி ரூ.5,000 தாண்டினால், மேற்கொண்டு கடன் கொடுக்காதே' என்பதைப் போல. இவற்றோடு விதிக்கு ஒரு பெயர், யாருக்குப் பொருந்தும் என்ற குறிப்பு, எப்போது செல்லும் என்ற காலம், மற்ற விதியோடு மோதினால் எது மேல் என்ற முன்னுரிமை எண், இப்போது அமலில் இருக்கிறதா இல்லையா என்ற குறி ஆகியவையும் சேரும். பல விதிகளை ஒரு தொகுப்பாகக் கட்டலாம். தொகுப்புக்குள் இன்னொரு தொகுப்பும் இருக்கலாம்.

நம் பேரேட்டில் பற்று, வரவு, தேதி, விவரம் என்று பத்தி பிரித்திருப்பதால்தான் யார் எடுத்துப் பார்த்தாலும் கணக்குப் புரிகிறது. விதிக்கும் அப்படிப் பத்தி பிரித்ததுதான் இந்த மாதிரியின் பெரிய உதவி.

ஆளுக்கு அல்ல, வகைக்கு

இதில் நாம் முக்கியமாகக் கற்க வேண்டியது ஒன்று உண்டு. விதியை ஒவ்வொரு ஆளுக்கும், ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே எழுதக் கூடாது. வகைக்கு எழுத வேண்டும். ஆளையோ பெட்டியையோ அந்த வகையில் சேர்த்தால் போதும்.

நல்ல உதாரணம் நம் தெருவின் ரேஷன் கடையிலேயே இருக்கிறது. தமிழ்நாட்டில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2016 நவம்பர் முதல் அமலானது. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் கார்டு வழங்கத் தொடங்கினார்கள். அந்தக் கார்டில் 'இவருக்கு இத்தனை கிலோ' என்று அச்சிடவில்லை. ஒரு குறியீடு மட்டும் இருக்கிறது. பி.எச்.எச்.ஏ.ஏ.ஒய். என்றால் அந்தியோதயா குடும்பம், மாதம் 35 கிலோ அரிசி. பி.எச்.எச். என்றாலும் என்.பி.எச்.எச். என்றாலும் அரிசி உட்பட எல்லாப் பொருளும் உண்டு. என்.பி.எச்.எச்.எஸ். என்றால் அரிசி தவிர மற்றவை. என்.பி.எச்.எச்.என்.சி. என்றால் பொருள் எதுவும் இல்லை, அடையாளத்துக்கு மட்டும்.

அரசு நாளை ஏதாவது ஒரு வகையின் அளவை மாற்றினால், வீடு வீடாகப் போய்க் கார்டைத் திருத்த வேண்டியதில்லை. அந்த வகைக்கான விதியை மாற்றினால் போதும். அதேபோல் ஒரு குடும்பம் சர்க்கரைக் கார்டிலிருந்து அரிசிக் கார்டுக்கு மாறினால், விதியைத் தொட வேண்டியதில்லை. குடும்பத்தின் குறியீடுதான் மாறும். இரண்டையும் பிரித்து வைத்ததால்தான் இவ்வளவு பெரிய மாநிலத்தில் இது நடக்கிறது.

கடைக்கும் இதே வழிதான். 'பில் கம்ப்யூட்டர்', 'கேமரா', 'குடும்பக் கைப்பேசி', 'வந்துபோகிறவர்' என்று நான்கு வகை போதும். புதிய பில் கம்ப்யூட்டர் வாங்கினால் அதை 'பில் கம்ப்யூட்டர்' வகையில் சேருங்கள். விதி தானாகப் பொருந்தும்.

ஒரே விவரத்தைப் பல இடத்தில் எழுதுவதன் தொல்லையும் நாம் அறியாததல்ல. திருநீர்மலைப் பேரூராட்சி 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. 'பேரூராட்சி' என்று முகவரி அச்சிட்ட பில் புத்தகம், ரப்பர் ஸ்டாம்பு, லெட்டர் பேட் ஒவ்வொன்றையும் தனித்தனியே மாற்றத்தானே வேண்டும்? பில் போடும் சாஃப்ட்வேரில் முகவரியை ஒரு இடத்தில் வைத்தவர் ஒரு முறை திருத்தினால் எல்லா பில்லிலும் மாறிவிடும். 'கடை நேரம் காலை 6 முதல் இரவு 11' என்பதையும் அப்படி ஒரு இடத்தில் பெயரிட்டு வைத்து, மற்ற விதிகள் அந்தப் பெயரைச் சொல்லும்படி எழுதலாம். ஆர்.எஃப்.சி. 3060 இதற்கும் இடம் கொடுத்திருக்கிறது.

எங்கே வைப்பது?

விதியைச் சேமிக்கும் இடம் வேறு, முடிவெடுக்கும் இடம் வேறு, நிறைவேற்றும் இடம் வேறு. 2000 ஜனவரியில் வெளியான ஐ.இ.டி.எஃப். ஆவணம் ஒன்று முடிவெடுப்பவரையும் நிறைவேற்றுபவரையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது. நம் கணக்கில், கடன் நோட்டு சேமிக்கும் இடம். கல்லாவில் இருக்கும் முதலாளி முடிவெடுப்பவர். சரக்கு நிறுத்துக் கொடுக்கும் பையன் நிறைவேற்றுபவர்.

பையன் ஒவ்வொரு முறையும் "கொடுக்கலாமா?" என்று கேட்கலாம். தவறு வராது, ஆனால் முதலாளி போனை எடுக்காவிட்டால் வேலை நிற்கும். அல்லது காலையிலேயே "இன்னாருக்குக் கொடு, இன்னாருக்குக் கொடுக்காதே" என்று சொல்லி அனுப்பலாம். வேலை நிற்காது, ஆனால் மதியம் முதலாளி மனம் மாறினால் பையனிடம் இருப்பது பழைய உத்தரவு. நெட்வொர்க்கிலும் இந்த இரண்டு முறைகளும் உண்டு. இரண்டிலும் லாபமும் உண்டு, நஷ்டமும் உண்டு. சிறு கடைக்கு இரண்டாவது முறை போதும். ஆனால் மூலப் பிரதி ரவுட்டருக்கு வெளியே இருக்க வேண்டும். ரவுட்டரில் இருப்பது நகல் என்றே கொள்ள வேண்டும்.

பெரிய நிறுவனங்கள் மூலப் பிரதியை வைக்க எல்.டி.ஏ.பி. என்ற முறையில் இயங்கும் விவரத் தொகுப்பைப் பயன்படுத்தின. மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் முன்னின்று உருவாக்கிய இம்முறை 1993இல் வெளிவந்தது. இதில் விவரங்கள் மரம் போலக் கிளை பிரிந்திருக்கும்: நிறுவனம், அதற்குள் கிளை அலுவலகம், அதற்குள் பிரிவு. அடிக்கடி படித்து, எப்போதாவது மாற்றும் விவரங்களுக்கு இது ஏற்றது. விதிகளும் அந்த ரகம்தான். விதிகளை இந்த மரத்தில் எப்படி அடுக்குவது என்பதை 2004 பிப்ரவரியில் ஆர்.எஃப்.சி. 3703 வரையறுத்தது.

மலையடிவாரக் கோயிலில் நின்ற கோலத்திலும், மலைமேல் இருந்த, கிடந்த, நடந்த கோலங்களிலும் ஒரே பெருமாளைத்தான் நாம் சேவிக்கிறோம். விதியும் அப்படி: முதலாளி வாயால் சொல்வது ஒரு கோலம், நோட்டில் எழுதுவது ஒன்று, விவரத் தொகுப்பில் இருப்பது ஒன்று, ரவுட்டருக்குள் இயங்குவது ஒன்று. நான்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும். வேறுபட்டால் எது சரி என்பதற்கு நோட்டுதான் சாட்சி.

ஏமாற்றும் மூன்று இடங்கள்

முதலாவது, 'உம்'. 'ஞாயிறும் அமாவாசையும் கடை விடுமுறை' என்று எழுதினால் படிப்பவர் சரியாகப் புரிந்துகொள்வார். மெஷினிடம் 'ஞாயிறு மற்றும் அமாவாசை' என்று இரண்டு நிபந்தனைகளையும் சேர்த்துக் கொடுத்தால், ஞாயிற்றுக்கிழமையில் அமாவாசை வந்தால் மட்டுமே விடுமுறை விடும். 'இரண்டும் சேர்ந்தால்' என்பதா, 'ஏதாவது ஒன்று நேர்ந்தால்' என்பதா என்று ஒவ்வொரு விதியிலும் வெளிப்படையாக எழுத வேண்டும். அந்த ஆவணம் இதற்கென்றே ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறது.

இரண்டாவது, கடிகாரம். எனக்கு இரண்டாவது அடி விழுந்தது இதில்தான். தீபாவளிக்குப் பின் புதிய ரவுட்டரில் இரவு 11 முதல் காலை 6 வரை என்று விதியைத் திரும்பப் போட்டோம். அப்படியும் காலை வியாபாரத்தில் அதே தொல்லை. ரவுட்டரின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் இருந்தது. நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். எனவே கேமரா அதிகாலை 4.30க்கு ஆரம்பித்து முற்பகல் 11.30 வரை அனுப்பிக்கொண்டிருந்தது. விதி சரி, கடிகாரம் தவறு. நேரம் எழுதும்போது அது உள்ளூர் நேரமா, பொது நேரமா என்றும் குறிக்க வேண்டும்.

மூன்றாவது, முன்னுரிமை. 'கடை நேரத்தில் கேமரா வெளியே எதையும் அனுப்பக் கூடாது' என்று ஒரு விதி. 'முதலாளி எந்த நேரமும் கைப்பேசியில் கேமரா பார்க்கலாம்' என்று இன்னொன்று. இரண்டும் மோதுகின்றன. ஆர்.எஃப்.சி. 3060 முறையில் பெரிய எண் கொண்ட விதி வெல்லும். பல ரவுட்டர்களிலோ பட்டியலில் மேலே இருப்பது வெல்லும். உங்கள் பெட்டி எந்த முறை என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

விதியை மாற்றும்போதுதான் விபத்து அதிகம். எல்.டி.ஏ.பி. முறையில் ஒரு பதிவு முழுதாக மாறும். ஆனால் பல பதிவுகள் ஒரே கணத்தில் சேர்ந்து மாறும் என்ற உறுதி இல்லை. நிபந்தனை மாறி, செயல் மாறாத இடைவெளியில் ஒரு சாதனம் படித்தால் பாதி பழையது, பாதி புதியது என்றாகும். எனவே புதிய விதியை 'அமலில் இல்லை' என்ற குறியோடு முழுவதும் எழுதி, சரிபார்த்து, கடைசியில் குறியை மட்டும் மாற்றுவது நல்லது. 2006இல் வந்த நெட்கான்ஃப் என்ற முறை இதையே இன்னும் ஒழுங்காகச் செய்ய வழி கொடுத்தது: வரைவுப் பிரதியில் திருத்தம், பிறகு சோதனை, பிறகு மொத்தமாக அமல். பென்சிலால் எழுதிக் கூட்டிப் பார்த்து, சரியென்றால் மையால் எழுதும் பழைய கணக்குப்பிள்ளையின் வழக்கம்தான்.

இன்னொன்று, பழைய விதியை அழிக்கக் கூடாது. 2025 செப்டம்பர் 22 அன்று ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, பற்பசை, பிஸ்கட் 18 சதவீதத்திலிருந்து 5க்கு வந்தன. நெய் 12லிருந்து 5க்கு வந்தது. சாஃப்ட்வேரில் 18ஐ அழித்து 5 என்று எழுதியவர்கள், 21ஆம் தேதி விற்ற சரக்கு திரும்பி வந்தபோது எந்த விகிதத்தில் கழிப்பது என்று விழித்திருப்பார்கள். '2025 செப்டம்பர் 21 வரை 18, 22 முதல் 5' என்று இரண்டு வரியாக வைத்தவருக்கு அந்தச் சிரமம் இல்லை. வரி விதிக்குப் பொருந்துவது ரவுட்டர் விதிக்கும் பொருந்தும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது விதியின் ஒரு பகுதி.

உங்கள் கடையில் செய்ய வேண்டியது

இதற்கு சர்வரோ பெரிய சாஃப்ட்வேரோ தேவையில்லை. ஒரு கோடு போட்ட நோட்டும் ஒரு ஞாயிறு மாலையும் போதும்.

1. கடையில் இணையத்தோடு சேர்ந்த ஒவ்வொரு பொருளையும் எழுதி, எதிரே அதன் வகையை எழுதுங்கள்.

2. ஒவ்வொரு விதிக்கும் ஒரு வரி: எண், பெயர், எந்த வகைக்கு, நிபந்தனை, செயல், முன்னுரிமை, எந்தத் தேதி முதல், அமலில் உண்டா, யார் சொல்லி யார் போட்டது.

3. பெரும்பாலான கடைகளுக்கு ஐந்து விதிகளே போதும். பில் மற்றும் பணப் பட்டுவாடாவுக்கு முதலிடம். கேமராப் படங்கள் இரவில் மட்டும் வெளியே போகும். முதலாளி கேமரா பார்ப்பதற்கு விலக்கு. வந்துபோகிறவர் கைப்பேசி பில் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது. வெளியிலிருந்து உள்ளே வரும் எதற்கும், தனியாக அனுமதி எழுதியிருந்தாலொழிய, அனுமதி இல்லை.

4. ரவுட்டரின் அமைப்பை ஒரு ஃபைலாக எடுத்துத் தேதியிட்டுப் பென் டிரைவில் வையுங்கள். பெரும்பாலான ரவுட்டர்களில் இதற்கு வசதி உண்டு. ஒரு நகல் கடையில், இன்னொன்று வீட்டில். ஆனால் வேறு கம்பெனி ரவுட்டர் வாங்கினால் அந்த ஃபைல் உதவாமல் போகலாம். அப்போது கைகொடுப்பது நோட்டுதான்.

5. ரவுட்டரின் பாஸ்வேர்டு முதலாளியிடம் இருக்க வேண்டும். அதை நோட்டில் எழுதாமல், உறையில் ஒட்டிப் பெட்டியில் தனியே வையுங்கள். மாட்டிக் கொடுத்தவர் மாறினால் பாஸ்வேர்டும் மாற வேண்டும்.

6. வருடத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஒரு மாதம் முன்பு, நோட்டையும் ரவுட்டரையும் வரிக்கு வரி ஒப்பிடுங்கள். சரக்கு இருப்பு எடுப்பது போல இதுவும் ஒரு இருப்புச் சரிபார்ப்பு.

கடைசி வேலைக்கு ஆகும் நேரம் அரை மணி. 2025 தீபாவளிக்கு முன் நாங்கள் அப்படி ஒப்பிட்டபோது, ஒரு புதிய கேமரா வகையில் சேராமல் விட்டுப்போயிருந்தது தெரிந்தது. ஒரு வரி சேர்த்தோம். அந்த ஆண்டு பண்டிகை மாலையில் வரிசை நின்றது. ஆனால் சரக்கை மேசையில் வைத்துவிட்டு யாரும் போகவில்லை.

பலசரக்குக் கடையில் ஆயிரம் பொருளுக்கு விலை எழுதி வைக்கத் தெரிந்தவர்கள் நாம். பத்து விதியை எழுதி வைப்பது நமக்குப் பெரிய காரியம் அல்ல. இந்த வாரமே நோட்டை எடுங்கள்.